ஓட்டைக் கோணி கேட்டவர்

புதுக் கோணியின் எண்ணெய் வாசனை... சைகோன் என்றாலே எனக்கு முதலில் மூக்கில் ஏறுவது அதுதான்.

பென்தான் மார்க்கெட் பின்னால் சித்தப்பாவின் சாக்குக்கடை. காரைக்காலிலிருந்து போனவர். நான் பில் எழுதுவேன், வியட்நாமியும் பேசுவேன். சந்தேகப்படுவது மட்டும் யாரும் சொல்லித் தராமலே வந்தது. யுத்த காலம் வேறு... கேட்கவா வேண்டும்.

எங்கள் கடையில் கோணித்துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் நல்ல நெசவு. டலாட் மலைச்சரிவில் கோஸ் பயிரிடும் ஒரு வியட்நாம்காரர் வருவார், பா அண்ணன் என்போம். அவர் மட்டும் தலைகீழ். விரல் நுழைகிற அளவு கண் உள்ள சுருளாகத் தேடினார்.

இதில் அரிசி நிற்காதே என்றேன். சரிவில் விரிக்கப் போகிறாராம். போன மழையில் கிழிந்த கோணி கிடந்த இடத்தில் மட்டும் மண் கரையவில்லையாம்.

நல்ல கதை என்று நினைத்தேன். இலை செருகி ராணுவ லாரியை மறைக்கிற வலைதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. யாருடைய லாரியோ... சித்தப்பாவின் காதைக் கடித்தேன்.

"எனக்கும் சரியாப் படலம்மா. நீயே பாத்து அனுப்பு," என்றார்.

அனுப்பினேன். அவர் கேட்டதை அல்ல. நெருக்க நெசவுச் சுருள்களை மேலே சாக்கு சுற்றித் தைத்து ஏற்றிவிட்டேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து இரண்டு நாள் பெருமை வேறு.

மழை ஓய்ந்தபின் வந்தார். கோபப்படவில்லை. பிரித்தபோது மழை தொடங்கிவிட்டதாம், வேறு வழியில்லாமல் அதையே விரித்தாராம். அடியில் விதைத்த புல் மேலே வர முடியாமல் அழுகிவிட்டது. தண்ணீர் அடியில் புகுந்து பாதிச் சரிவை இழுத்துப் போய்விட்டது.

"கண்ணு பெருசா இருந்தாத்தாம்மா புல்லு தலை நீட்டும். அந்த வேருதான் மண்ணப் புடிக்கும்," என்றார்.

அப்போதும் நிஜ விவசாயிதானா என்று அவர் கால் விரலிடுக்கில் மண்ணைத் தேடினேன். இருந்தது, செக்கச்செவேல் என்று. வெட்கமாகப் போய்விட்டது.

கேட்ட சுருளைக் கொடுத்தேன். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. கடைப்பையன் சுருளை மாற்றி ஏற்றிவிட்டான் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

போன மாதம் கொடைக்கானல் ரோட்டில் பேரன் காரை நிறுத்தினான். சரிவு முழுக்கத் தென்னைநார் வலை, ஒவ்வொரு கண்ணிலும் புல். இப்போது அதை யாரும் ஏன் என்று கேட்பதுகூட இல்லை...

அவர் சொன்ன உண்மையை நான் நம்பவில்லை. நான் சொன்ன பொய்யை அவர் நம்பினார். குனிந்து வலையின் ஒரு கண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். நுழைந்தது.