வேண்டுமென்றே உறுதியானது

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது நானும் என் தோழியும் இன்னொருத்தியுமாக மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு ரோபோ செய்தோம். யுத்தம் மறுபடி மூண்டு, சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி முளைத்திருந்த காலம். வயரும் பற்றரியும் பொருத்திய பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு திரிய அதைவிட நல்ல காலம் எங்களுக்கு வாய்க்கவில்லை.

போட்டி நுகேகொடையில். இரண்டு ரோபோக்கள் ஒரே களத்தில் ஓடி, டெனிஸ் பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். வேண்டுமென்றே மோதக் கூடாது, தற்செயலான தொடுகைக்குத் தடையில்லை என்று விதித்தாள் சொன்னது.

"வேணுமெண்டு இடிச்சதோ இல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"இடிச்சவையிட்டத்தான் கேப்பினம்," என்றாள் தோழி.

பிளாஸ்டிக் தகட்டைப் பசையால் ஒட்டிச் செய்த எங்கள் முதல் ரோபோ, ஒத்திகையில் கதிரைக் காலில் முட்டி மூன்று துண்டானது. துறைமுகப் பட்டறையில் வேலை செய்த தோழியின் அப்பா துண்டுகளைப் பார்த்துவிட்டு, "பிள்ளையள், இது ரோபோவோ, கலியாணக் கேக்கோ?" என்றார். மிஞ்சிய அலுமினியத் தகடும் ஒரு பை நிறையத் திருகாணிகளும் வாஷர்களும் தந்தார். தோழி பசை இருந்த இடமெல்லாம் திருகாணி போட்டாள். அதிர்வில் கழலாதபடி ஒவ்வொன்றின் தலைக்குக் கீழும் ஸ்பிரிங் வாஷர் என்ற உருக்கு வளையமொன்றை வைத்தாள். சுற்றிவரச் சைக்கிள் டயரைக் கட்டினாள். ரோபோவைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். எங்கள் அதிபரான சிஸ்டர் அழகு போதாது என்றதால், மூன்றாமவள் அதன்மேல் ரோஜாப்பூ வரைந்தாள்.

போட்டியன்று எங்கள் ஓட்டோவை மறித்த சிப்பாய், "மேக்க மொக்கத்த?" என்று பெட்டியைக் காட்டி, இது என்ன என்று கேட்டான். சிஸ்டரின் கடிதத்தை நீட்டினேன். ஒழுக்கமான மாணவிகள் செய்த ஒழுக்கமான இயந்திரம் என்று அதில் எழுதியிருந்தது. அவன் இரண்டு தரம் வாசித்துவிட்டு, ஓட்டிக் காட்டச் சொன்னான். நான் ரிமோட் விசையை அளவுக்கு மீறி அழுத்திவிட்டேன். ஒழுக்கமான இயந்திரம் நேரே போய்த் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தது. நாங்கள் சேறோடு தூக்கியெடுத்தபோதும் சில்லுகள் சுற்றிக்கொண்டிருந்தன. சிப்பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

எங்களுக்கு எதிராக வந்தவர்கள் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துப் பையன்கள். எல்லோரும் டை கட்டியிருந்தார்கள். அவர்களுடைய ரோபோவுக்கு நண்டுக்கு இருப்பதுபோல நீண்ட கொடுக்கு. தொடங்கியதும் அது எங்களை இடித்தது. "தற்செயல்," என்றார் நடுவர். மறுபடி இடித்தது. "தற்செயல்." மூன்றாம் தரம் வந்தபோது நான் பயத்தில் ரோபோவை அப்படியே நிறுத்திவிட்டேன். கொடுக்கு எங்கள் டயரில் மாட்டி முறிந்து விழுந்தது.

அவர்களுடைய பயிற்சியாளர் பாய்ந்து வந்தார். "சேர், இவர்கள் வேண்டுமென்றே உறுதியாகச் செய்திருக்கிறார்கள்!"

நடுவர்கள் மூவரும் தனியே போய்த் தேநீர் குடித்தபடி ஆலோசித்தார்கள். திரும்பி வந்து, அசையாமல் நிற்பதும் ஒருவகைத் தொடுகைதான் என்று அறிவித்து, எங்களுக்கு இரண்டு புள்ளி குறைத்தார்கள். ஒரு புள்ளியால் தோற்றோம். மூன்றாமவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபத்தில் காது சுட்டது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பையன்களில் ஒருவன் முறிந்த கொடுக்கோடு தயங்கித் தயங்கி வந்து, எப்படி இறுக்கினீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டான். தோழி பையைத் திறந்து நாலு வாஷரை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"உனக்கென்ன விசரா?" என்றேன்.

"எங்களை வெண்ட ரோபோ அடுத்த ரவுண்டில உதிர்ந்து போனா எங்களுக்குத்தானே மரியாதைக் குறைவு?"

அடுத்த சுற்றில் அவர்கள் ஒரு பந்துகூடப் பொறுக்காமல் தோற்றார்கள். எதிராளி எத்தனையோ தரம் தற்செயலாக இடித்தும், எங்கள் வாஷர் போட்டு இறுக்கிய கொடுக்கு மட்டும் ஆடவில்லை. தோழி மட்டும் எழுந்து நின்று கைதட்டினாள்.