நான் திருத்திக் கொடுத்த சாட்சி

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நடுவே பதினைந்து நிமிடம் சாட்சி நேரம். ஆண்டவர் தனக்குச் செய்ததை ஒருவர் மைக் பிடித்துச் சொல்வார், மற்றவர்கள் ஸ்தோத்திரம் சொல்வார்கள். ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் ஹார்டுவேர் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட மொட்டைமாடிதான் சபை. வருகிறவர்களில் பாதிப்பேர் நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்குவார்கள். அவர்களை எழுப்பச் சாட்சியை விட நல்ல மருந்து கிடையாது.

அந்தப் பதினைந்து நிமிடத்தை பாஸ்டர் ஐயா என் பொறுப்பில் விட்டபோது எனக்கு இருபத்து மூன்று வயது. ஊர் தூத்துக்குடிப் பக்கம். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு இங்கே ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருந்தேன். வருகிற பாகத்தை அளப்பது, பிசிறு இருந்தால் திருப்பி அனுப்புவது, இதுதான் வேலை. அதே கையோடு சாட்சிக்கும் சட்டம் போட்டேன். முதலில் தன் தவறு, பிறகு தனக்கு விழுந்த அடி, கடைசியில் கிருபை. புலம்பக் கூடாது. அடுத்தவர் மேல் குற்றம் சொல்லவே கூடாது. இந்தக் கடைசிச் சட்டம் என்னுடையது இல்லை, எங்கள் ஆட்களிடம் எப்போதும் இருப்பது. நான் அதற்குக் கண்டிப்பைச் சேர்த்தேன், அவ்வளவுதான்.

நான் சாட்சி திருத்திக் கொடுத்த அண்ணன் பென்னலூர்க்காரர். முதலில் விசுவாசத்துக்கு வந்தது அவர் மனைவி. அவர் ஞாயிறுதோறும் மனைவியை பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கீழே கடை வாசலிலேயே நிற்பார். வேறொரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். தகட்டை வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அந்த மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக அப்படி. ஒரு பட்டனை டேப் போட்டு அழுத்தியே வைத்துவிட்டால் ஒரு கை மிச்சம், வேலை வேகமாக ஓடும். அவருடைய லைனில் எல்லா மெஷினிலும் அந்த டேப் இருந்தது. ஒருநாள் மதியம் அவருடைய வலது கையில் கட்டை விரலைத் தவிர நான்கும் போயின.

சபையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடியது நான்தான். கட்டுப் போட்ட கை தலையணை மேல் ஏறி இருந்தது. நான் நாற்காலியைக் கூட இழுத்துப் போடவில்லை.

“அண்ணே, இதுலயும் ஆண்டவருக்கு ஒரு நோக்கம் இருக்குண்ணே.”

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். “இன்னா நோக்கம்னு கேட்டு சொல்லு தங்கச்சி. லைன்ல பசங்க கேப்பானுங்க.”

அவர் மனைவி வெட்கத்தோடு சிரித்து, “அவரு அப்டிதான் பேசுவாரு, நீ ஜெபம் பண்ணு சிஸ்டர்” என்றார். பண்ணினேன். நீளமாக. பக்கத்துக் கட்டில் கிழவர் நடுவில் எழுந்து பாத்ரூம் போய்விட்டு வந்தார், நான் இன்னும் முடிக்கவில்லை.

கம்பெனி அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. கை ஆறியதும் ஸ்டோர்ஸில் உட்காருகிற வேலை. எட்டு வருடம் கான்ட்ராக்டில் ஓடி அப்போதுதான் நிரந்தரம் ஆகியிருந்தார். அந்த வேலையை நம்பித்தான் மனுஷன் மருந்தே சாப்பிட்டார். கட்டுப் பிரித்த மாதம் மாடிப்படி ஏறி ஆராதனைக்கும் வந்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இவர் சாட்சி சொன்னால் தூங்குகிறவன் ஒருத்தன் இருக்க மாட்டான் என்று கணக்குப் போட்டேன். இன்று எழுதும்போது கூசுகிறது. அன்று கூசவில்லை.

சனிக்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

“சூப்பர்வைசர்தான் டேப்பு ஒட்ட சொன்னான். முடியாதுன்னா வேற ஷாப்புக்கு தூக்கிடுவேன்னான். எல்லாம் ஒட்டிகினோம்.”

“அண்ணே, சாட்சியில அடுத்தவங்க வரக் கூடாது. வந்தா அது புகார் ஆயிடும்.”

“புகார்தாம்மா அது.”

“சபை அதுக்கான இடம் இல்லையே. நீங்க உங்களைத் தாழ்த்துங்க. ஆண்டவர் அவங்களைப் பாத்துக்குவார்.”

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தார். படித்த பெண் சொல்கிறாள், வேதம் தெரிந்தவள் சொல்கிறாள். “சிஸ்டர் சொல்றா மாரியே சொல்லேன். இன்னா இப்போ?” என்றார்.

அடித்து எழுதிக் கொடுத்தேன். “யாரும் சொல்லவில்லை. நானேதான் டேப் ஒட்டினேன். அவசர புத்தி. பணத்தாசை.” பணத்தாசை நான் சேர்த்தது, காதுக்கு நிறைவாக இருக்கட்டும் என்று.

மறுநாள் அவர் மைக்கை இடது கையில் பிடித்து, ஒரு சொல் பிசகாமல் சொன்னார். மாடி அதிர்ந்தது. பாஸ்டர் ஐயா கண்ணைத் துடைத்தார். நான் போனில் படம் பிடித்து, அன்று சாயங்காலமே சபை சேனலில் ஏற்றினேன். தலைப்பும் நானே வைத்தேன்: ‘நான்கு விரலை எடுத்தார், நித்திய ஜீவனைக் கொடுத்தார்’. முகப்புப் படத்துக்கு அந்தக் கையைப் பெரிதாக்கிப் போட்டேன்.

வீடியோ அவருடைய லைன் பசங்களின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனது. “உங்க சாமி ஏம்பா மெஷின ஆஃப் பண்ணாம வுட்டாரு?” என்று ஒருவன் குரல் பதிவே போட்டான். அதற்குச் சிரித்தவர்களில் எவனோ நிர்வாகத்துக்கு அனுப்பிவிட்டான். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. பாதுகாப்புப் பட்டனை வேண்டுமென்றே கெடுத்ததாகக் குற்றச்சாட்டு, உள் விசாரணை, முடியும்வரை ஸ்டோர்ஸ் வேலை கிடையாது.

கம்பெனி பஸ்ஸில் இருந்து நான் இறங்கும் இடத்தில் அவர் மனைவி காத்திருந்தார். என்னோடு வேலை செய்யும் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள்.

“யாரும் சொல்லலன்னு எழுதி குடுத்தியே, நீ கூட இருந்து பாத்தியா? விரலு உன்னுதா? பணத்தாசையாம். ரெண்டு ரூம்பு வாடகை வூட்ல கீறவனுக்கு பணத்தாசை!”

“அக்கா, நான் வந்து விசாரணையில சொல்றேன். நான்தான் எழுதிக் கொடுத்தேன்னு சொல்றேன்.”

“வாய தொறந்தா பெருசாதான் பேசற. வந்து சொல்லு.”

பாஸ்டர் ஐயாவிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. சபைக்கு வாடகை இடம், சுற்றி இருக்கிறவர்கள் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அந்தப் பயம் அவருக்கு. “போயிட்டு வாம்மா. சபைக்கு மட்டும் கெட்ட பேர் வராம பாத்துக்கோ” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “அடுத்த வாரம் ஆராதனையில பாடுகளைப் பத்தி, விசுவாசி படுற கஷ்டத்தைப் பத்தி, நீயே பேசேன். சூடா இருக்கும்” என்றார். நான் சரி என்றேன். சரி என்று சொன்னதை மறைக்க மாட்டேன்.

விசாரணை அறையில் ஏசி குளிர். விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த வக்கீல், மெதுவாகப் பேசுகிறவர். பக்கத்தில் டைப் அடிக்க ஒரு பெண். எதிரே அண்ணன், வலது கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு. நான் அவர் தரப்புச் சாட்சி. மூன்று நாளாகப் பேச்சைத் தயார் செய்திருந்தேன், முன்னுரையோடு.

“முன்னுரை வேண்டாம்மா. வீடியோவுல அவர் பேசினது யார் வார்த்தை?”

“நான் எழுதிக் கொடுத்தது சார்.”

அண்ணன் நிமிர்ந்தார். அந்த ஒரு நொடி எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது.

“வார்த்தையைத் திருத்தினீங்களா, நடந்ததையே மாத்தினீங்களா?”

“அது... சார், சாட்சின்னா ஒரு முறை இருக்கு...”

அதிகாரி சிரித்தார். கேலி என்று கூடச் சொல்ல முடியாது. “ஓ. அப்ப உங்க சபையில மைக்கைக் கொடுத்துப் பொய் சொல்ல வைப்பீங்க?”

அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம். பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டது. காசு வாங்கிக்கொண்டு சாட்சி சொல்கிற கூட்டம், நடிக்கிற கூட்டம், அல்லேலூயா கூட்டம். பதில் என் நாக்கு நுனியில் வருஷக்கணக்காகத் தயாராக இருந்தது.

“எங்க சபையில ஆண்டவர் சமுகத்துல நின்னு யாரும் பொய் சொல்ல மாட்டாங்க சார்.”

டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. நின்றது.

“அவர் சொன்னது உண்மைன்னு எடுத்துக்கலாம். நன்றிம்மா.”

“இல்ல சார், நான் சொல்ல வந்தது வேற, சூப்பர்வைசர்தான்...”

“நீங்க அப்ப மெஷின் பக்கத்துல இருந்தீங்களா?”

“இல்ல.”

“கையெழுத்துப் போடுங்க.”

போட மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது கூட அப்போது தோன்றவில்லை. பரீட்சைத் தாளில் போடுவதுபோலத் தெளிவாகப் போட்டேன். வெளியே வந்து அண்ணனிடம் ஏதோ சொல்லப் போனேன். அவர் என்னைத் தாண்டி கம்பெனி கேட்டைப் பார்த்து நடந்தார்.

நான் சொன்னது தவறு என்று விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். பதில் இல்லை. பாடுகளைப் பற்றிப் பேசவில்லை, காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டேன். வீடியோவை அழித்தேன். ஆனால் அது எத்தனையோ போனில் இருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சகோதரி, அதைப் பார்த்து ஆறுதல் அடைந்ததாக எனக்கே போன் செய்து நன்றி சொன்னார்.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி கூப்பிட்டார். “லெட்டர் வந்துகீது. இங்கிலீஷ்ல கீது. வந்து படிச்சு சொல்லு.”

“நானா அக்கா?”

“வேற யாரு கீறாங்க எங்களுக்கு படிச்சவங்க?”

போனேன். அண்ணன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். நான்கு பக்கம். வேலையிலிருந்து நீக்கம் என்பது முதல் பக்கத்திலேயே இருந்தது. அதைச் சொன்னதும் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனார். “மீதியையும் படி” என்றார் அண்ணன். ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தியைத் தாண்டி அடுத்ததற்குப் போனேன்.

“நடுவுல ஒன்னு வுட்டுட்டியே.”

அவர் எழுத்தைப் பார்க்கவில்லை, என் விரல் தாளில் குதித்ததைப் பார்த்திருக்கிறார். திரும்பிப் போய்ப் படித்தேன். தொழிலாளியின் சொந்தத் தரப்புச் சாட்சியே, தங்கள் சபையில் யாரும் பொய் சொல்வதில்லை என்று கூறியுள்ளார், ஆகவே குற்றம் நிரூபணமாகிறது. என் வாக்கியம் ஆங்கிலத்தில் இன்னும் கம்பீரமாக இருந்தது. அதை மறுபடி தமிழாக்கி அவர் முகத்துக்கு நேரே சொன்னேன்.

“ஆச்சா?” என்றார்.

“ஆச்சுண்ணே.”

கடிதத்தை மடித்தேன். என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில் கேட்டுவிட்டேன். “ஜெபம் பண்ணட்டுமாண்ணே?”

“பண்ணு. வாய தொறக்காம பண்ணு.”

கண்ணை மூடினேன். பிறந்ததிலிருந்து ஜெபிக்கிற எனக்கு அப்படி ஜெபிக்கத் தெரியவில்லை. மனைவி தட்டோடு வந்து உட்காரும் சத்தம் கேட்டது. சோறு பிசைந்தார். “ஆ காட்டு” என்றார். அண்ணன் மென்று விழுங்குவது கேட்டது. இன்னொரு வாய், இன்னொரு வாய். தட்டைக் கழுவும் சத்தம் வரும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. என்னைப் போகச் சொல்லி யாரும் எழுப்பவும் இல்லை.