எடு, விடு

சென்ற ஆடியில் இறந்துபோன பொன்னழகு, காற்றாலை இறக்கைகளின் வாலைத் திருப்பும் வேலை செய்தவர். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியவில்லை.

ஓர் இறக்கை, ஆறு பேருந்துகளை வரிசையாக நிறுத்திய நீளம். அதைச் சுமக்கும் டிரெய்லருக்கு முன்னால் ஒரு டிரைவர் போதாது. பின் சக்கரங்களைத் தனியாகத் திருப்ப இன்னோர் ஆள் வேண்டும். கடைசி அச்சின் மேல் சின்ன இருக்கை, லீவர்கள், வாக்கி டாக்கி. முன்னால் இருப்பவர் "எடு" என்றால் பின் சக்கரத்தை வெளிப்பக்கம் ஒடிக்க வேண்டும். "விடு" என்றால் நேராக்க வேண்டும். வளைவில் அவர்களுக்கு இருந்த மொழி அவ்வளவுதான்.

இருக்கைக்குப் பக்கத்திலேயே டீசல் எஞ்சின். வருடக்கணக்கில் அதன் இரைச்சலைக் குடித்த காது ஒருநாள் மந்தமானது. எடு, விடு இரண்டும் அவருக்கு வெறும் "டு" ஆகிவிட்டன. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இருக்கை போய்விடும். அந்த வயதில் வேறு யார் கூப்பிடுவார்கள்? சக்கரத்தைப் பார்த்து, வண்டியின் சாய்வைப் பார்த்து, ஊகித்தே ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் சட்டை நனைந்தது.

ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு திருப்பம். உள்பக்கம் டீக்கடை, பெஞ்சு நிறைய ஆட்கள். வெளிப்பக்கம் மின்கம்பம். இறக்கையின் நுனி கம்பத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வாக்கி டாக்கி கரகரத்தது.

"...டுண்ணே! ...டு!"

எடுத்தால் நுனி கம்பத்தில் மோதலாம். விட்டால் சக்கரம் டீக்கடைக்குள் ஏறலாம். முன்பகுதி எங்கே நிற்கிறது என்று அவர் இடத்திலிருந்து தெரியாது. மறுபடியும் "டு."

பொன்னழகு சிவப்பு விளக்கைப் போட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். எஞ்சினையும் அணைத்தார்.

இரண்டு பக்கமும் பழனி பஸ்கள் தேங்கின. ஜன்னலிலிருந்து ஒருவர் கத்தினார்: "ஏப்பு, அதான் இறக்கை இருக்குல்ல, பறந்து போக வேண்டியதுதானே!"

டிரைவர் நாசர் பேகம்பூர்க்காரர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னண்ணே, டீசல் இல்லையா?"

"காது இல்லப்பா."

நாசர் சிரித்தார். பொன்னழகுவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"எம்புட்டு நாளா?"

"பங்குனியிலருந்து."

"யா அல்லா! அம்புட்டு வளைவும் குருட்டாம்போக்குலயா வந்தீக? நான் உங்களை நம்பிப் பின்னாடி திரும்பிக்கூடப் பாக்கலையேண்ணே!"

பொன்னழகு இருக்கையிலிருந்து இறங்கினார்.

நாசர் குரலைத் தணித்து, காதருகே குனிந்தார். "சரி, யாருக்கும் தெரிய வேணாம். நல்லாக் கத்திச் சொல்றேன். செத்த நேரந்தான்."

அந்தப் பேச்சு பொன்னழகுவை இழுத்தது. ஏறி உட்கார்ந்தால் போதும். டீக்கடையைப் பார்த்தார். பெஞ்சில் ஒருவர் கால் மேல் கால் போட்டு, இறக்கையைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கத்துனாலும் ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கும். செழியனைக் கூப்பிடு."

மாற்று டிரைவர் செழியன் இருக்கையில் ஏறினார். பொன்னழகு கம்பத்தடியில் போய் நின்றார். வண்டி ஊர்ந்தது. நுனி கம்பத்தை நெருங்கியது, இன்னும் நெருங்கியது. இல்லாத லீவரை அவர் கைகள் பிடித்துத் தள்ளின. ஒரு சாண் இடைவெளியில் நுனி நின்றது. பிறகு மெல்ல விலகியது.

துணை ஜீப்பில் வந்த சூப்பர்வைசர் முகேஷ்குமார், பொன்னழகுவின் பின்னால் நின்று ஏதோ கேட்டார்.

"கேக்கலை தம்பி. முன்னால வந்து நின்னு சொல்லு."

முகேஷ்குமார் முன்னால் வந்தார். விஷயம் புரிந்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"இனி அந்த சீட்டுல உங்களை ஏத்த முடியாதுண்ணே."

"ஏறவும் மாட்டேன்," என்றார் பொன்னழகு. வாக்கி டாக்கியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, தேங்கி நின்ற பஸ்களுக்கு வழிவிடச் சாலைக்கு நடந்தார்.