சுதர்ஷினியின் பெரட்டு

காலை ஆறரைக்குத் தெமோதரைத் தோட்டத்தில் கங்காணி பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிடும் நேரத்தில், வீடுகள் ஒட்டி நிற்கும் மூன்றாம் லயத்தில் கடைசி வீட்டில் சுதர்ஷினியும் பெரட்டு எடுத்துக்கொண்டிருப்பாள். அவளிடம் ஆஜர் கொடுப்பது கொழுந்தெடுக்கும் பெண்கள் அல்ல, ஒரு கொம்பியூட்டர். கறுப்புத் திரையில் "பெரட்டு" என்று தட்டுவாள். இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் உயிரோடு இருக்கின்றனவா, உள்ளே சூடு எவ்வளவு, காற்றாடி சுற்றுகிறதா, நேற்று மூடி வைத்தபோது இருந்த அமைப்புக் கோப்புகளில் இன்று ஓர் எழுத்தாவது மாறியிருக்கிறதா என்று அது வரிசையாக எழுதிக் காட்டும். அந்தக் கட்டளையை எழுதியதும் பெயர் வைத்ததும் அவளேதான். எல்லாம் சரியென்று வந்துவிட்டால் நிம்மதி வர வேண்டுமே, வராது. "ரொம்ப நல்ல புள்ளையா இருக்கு இன்னிக்கு. என்னமோ இருக்கு," என்று இன்னொரு முறை தட்டுவாள்.

அவள் வேலை படம் வரைவது. பதுளையில் இருக்கும் நில அளவையாளர் வைரவநாதன், காணியை அளந்து எண்களை அனுப்புவார். அவள் புள்ளி வைத்து, கோடு இழுத்து, காணிப்படமாக்கித் திருப்பி அனுப்புவாள். இப்போது அதிகம் வருவது லயத்துக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சின்னச் சின்னத் துண்டு நிலங்கள். அகன்ற நிலத்தில் ஓர் அடி தள்ளிப்போனால் யாரும் கவனிப்பதில்லை. ஏழெட்டுப் பேர்ச் துண்டு நிலத்தில் ஒரு சாண் தள்ளிப்போனால் இரண்டு வீட்டுக்காரர்கள் மூன்று தலைமுறைக்கு முகம் பார்க்க மாட்டார்கள். வைரவநாதனிடம் ஐந்து பேர் வரைந்து பார்த்து, இப்போது மிஞ்சியிருப்பது இவள் ஒருத்திதான். மற்ற நால்வரும் எண்களை நம்பினார்கள். இவள் எண்களையும் நம்புவதில்லை, கூட்டிக் கழித்துப் பார்த்து அவருக்கே பிழை சொல்லி அனுப்புவாள்.

லினக்ஸுக்கு வந்ததும் இந்தக் குணத்தால்தான். முன்பிருந்த சிஸ்டம் ஒருநாள் தானாகவே நின்று, தானாகவே எதையோ ஏற்றிக்கொண்டு, தானாகவே எழுந்தது. சுதர்ஷினிக்கு அது பொறுக்கவில்லை. "என் வீட்டுல இருக்கிற மெசினு எனக்குத் தெரியாம ஒரு வேலயும் பண்ணக் கூடாது," என்றாள். பதினாலு வருடமாகிறது. இந்தப் பதினாலு வருடத்தில் அவள் கொம்பியூட்டருக்கு இது ஐந்தாவது உடம்பு. முதலாவதை இடி தின்றது. அன்றிலிருந்து நமுணுகுல மலையில் கறுப்பாக ஒரு மேகம் தலை காட்டினால் போதும், சோறு வெந்துகொண்டிருந்தாலும் ஓடிவந்து எல்லா வயரையும் பிடுங்கிவிடுவாள். இரண்டாவதில் பவர் சப்ளை வெடித்தது. மூன்றாவதின் போர்டில் எறும்பு குடியேறியது. நான்காவது ஒரு காரணமும் சொல்லாமல் செத்தது, அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

உடம்பு மாறினாலும் உள்ளே இருக்கும் பழக்கவழக்கம் மாறாது. எந்த விசையை அழுத்தினால் எது நடக்க வேண்டும், கோடு எத்தனை மெல்லிசு, எழுத்து எத்தனை பெரிசு என்பதெல்லாம் பதினாலு வருடமாகச் சின்னச் சின்னக் கோப்புகளில் அவள் எழுதிச் சேர்த்தவை. புது உடம்பு வந்தால் அரை நாளில் அவற்றைக் குடியேற்றிவிடுவாள். பழைய மெசின் செத்தது வைரவநாதனுக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொப்பியில் ஒரு வரி உண்டு: என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், யார் சொன்னது. மூன்றாவது கட்டத்தில் பெரும்பாலும் "நானே" என்றுதான் இருக்கும். வேறு யாராவது சொல்லியிருந்தால் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி நிற்கும்.

புதுப் பதிப்பு வந்தால் அவள் உடனே ஏற்றுவதில்லை. மேசைக்குக் கீழே மூடி உடைந்த பழைய லெப்டொப் ஒன்று கிடக்கிறது. அதற்குப் பெயர் காக்கா. படையல் சோறு முதலில் காக்காவுக்கு என்பது போல, எந்தப் புதுச் சரக்கும் முதலில் அதற்குத்தான். ஒரு மாதம் காக்கா சாகாமல் இருந்தால்தான் பெரிய மெசினுக்குப் பரிமாறுவாள். "சும்மா ஒருத்தன் ஒன்ன மாத்திக் குடுக்கிறான்னா, ஏன் மாத்துனான்னு கேக்கணுமா இல்லியா?" என்பாள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இதே கேள்வியை அவள் பால்மாப் பைக்கற்றிடமும் கேட்பாள், பஸ் நேரத்திடமும் கேட்பாள், ஆறு வருடமாக, இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்துக்கு விழுங்கும் மாத்திரையிடமும் கேட்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சுதர்ஷினிக்கு நல்ல வெயிலிலும் இரண்டொன்று தெரியும்.

இப்படிப்பட்டவளுடைய திரையில் இந்த வருடம் சித்திரை முடிந்ததும் ஒரு கோடு வளைந்தது.

வளையவே முடியாத கோடு அது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இழுத்தது, நடுவில் வேறு புள்ளியே இல்லை. எண்களைப் பார்த்தால் நேர். திரையில் பார்த்தால் நடுவிலே தொய்ந்து கிடந்தது, ஈரத்துணி போட்ட கொடி போல. எழுத்துகளும் ஓரிடத்தில் கலங்கின. அதற்கு முந்தின வாரம்தான் காக்கா பிழைத்துக்கொண்டதென்று புதுப் பதிப்பை ஏற்றியிருந்தாள். பிடித்துவிட்டேன் என்று நினைத்தாள். திரையை ஆளும் பகுதியையே இந்தப் பதிப்பில் மாற்றிவிட்டார்கள் என்று முன்பே வாசித்திருந்தாள். பழைய பதிப்புக்குத் திரும்பினாள். கோடு வளைந்தே இருந்தது. எழுத்துருவை மாற்றினாள், ஓரம் மழுப்பும் வசதியை நிறுத்தினாள், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். கொப்பியில் இரண்டு வாரத்தில் முப்பத்தொரு வரி ஏறியது.

அடுத்து சந்தேகம் மொனிட்டர் மேல் போனது. அதை விற்றவர் பதுளைக் கடைவீதியில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் ஸனூஸ். அட்டைப் பெட்டியைச் சேலைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். அவரும் இரண்டு முறை மாற்றிக் கொடுத்தார். பத்து நாளில் மறுபடி வந்து நின்றாள்.

"தங்கச்சி, மொனிட்டர் ரெண்டு தரம் மாத்தித் தந்தாச்சு. கேபிளும் மாத்தியாச்சு. இனி நான் கடையத்தான் மாத்தோணும்," என்றார் ஸனூஸ்.

"இங்க போட்டுப் பாருங்க ஸனூஸ் நானா. இந்தக் கோடு ஒங்களுக்கு வளைவாத் தெரியலியா?"

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தார், போட்டும் பார்த்தார். "ஸ்கேல் வெச்ச மாதிரி இரிக்கி," என்றார்.

பொய் சொல்கிறார் என்றே முடிவு செய்தாள். விற்றவன் வேறென்ன சொல்வான்? வீட்டுக்கு வந்து படத்தைத் தாளில் அடித்துப் பார்த்தாள். தாளிலும் வளைவு. ஆக, பிரிண்டரும் கூட்டு. இந்த விசாரணை போன வேகத்தில் ஒருநாள் காலையில் தலை நிமிர்ந்தவள், வாசல் கதவின் நிலையும் நடுவில் வளைந்திருப்பதைக் கண்டாள். அந்த நிலையை வைத்துப் பத்து வருடம். "அன்னிக்கே அந்த ஆசாரி வேலயில எனக்கு நம்பிக்க இல்ல," என்றாள்.

அவள் புருஷன் புவனேந்திரன் அப்போதுதான் வாய் திறந்தான். தேயிலைத் தொழிற்சாலையில் உருளை இயந்திரத்தில் நிற்பவன். இரைச்சலில் பேசிப் பயனில்லை என்று தெரிந்து, வீட்டிலும் அளந்து பேசுகிறவன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று தொடங்கியவன், அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் விட்டு, மெதுவாகச் சொன்னான்: "கண்ண ஒருக்காக் காட்டுவமா சுதா?"

"என் கண்ணுக்கு என்னா? ஊசிக்கு நூல் நான்தானே கோக்கிறேன்?"

கடைசியாகக் கோத்து மூன்று மாதமாகியிருந்தது. அவனுக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியும். சுதர்ஷினியின் தாய் பெரியாயிக்குச் சீனி வருத்தத்தில்தான் கண் போனது. முதலில் கொழுந்தும் முற்றலும் கலந்து பறிக்கிறாள் என்று கங்காணி ஏசினார். பிறகு கூடையை எங்கே வைத்தோம் என்று தேடினாள். கடைசி நாலு வருடம் லயத்து வாசலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரைக் காலடிச் சத்தத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். உலகத்தில் உள்ள அத்தனையையும் சந்தேகித்த சுதர்ஷினி, ஒன்றை மட்டும் சந்தேகிக்கப் பயந்தாள். போர்டு போனால் பதுளைக்குப் போய் வேறு போர்டு வாங்கலாம். இது போனால் என்ன வாங்குவது? கண் கிளினிக்குக்கு அவளுக்குக் கொடுத்திருந்த இரண்டு திகதியும் அலுமாரித் தட்டிலேயே கிடந்து கழிந்துபோயின. பயம் என்று அவள் சொல்லவில்லை, மொனிட்டர் என்று சொன்னாள்.

போன செவ்வாய்க்கிழமை காலை பெரட்டுக்கு உட்கார்ந்தபோது எழுத்துகள் நன்றாகத் தெரிந்தன. நேற்றுவரை மூக்கு முட்டக் கிட்டப் போனவள், நிமிர்ந்து உட்கார்ந்தபடியே வாசித்தாள். சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் அவள் சந்தேகப்பட்டாள். பெரட்டின் கடைசி வரி சொன்னது: ஒரு கோப்பு மாறியிருக்கிறது. எழுத்தின் அளவு நேற்று பத்து, இன்று பதினாலு. மாறிய நேரம் நேற்று மாலை நாலு ஐம்பத்திரண்டு.

முதல் வேலையாக இன்டர்நெட் வயரைப் பிடுங்கினாள். உலையை இறக்கி வைத்துவிட்டு, மத்தியானம் வரை பதிவேடுகளைத் தோண்டினாள். வெளியிலிருந்து யாரும் வரவில்லை. வந்தவன் இந்த மேசையிலேயே உட்கார்ந்து, கதவைத் தட்டி உள்ளே வருகிறவனைப் போல முறையாகப் பாஸ்வேர்ட் கொடுத்து, ஒரே ஓர் எண்ணை மாற்றிவிட்டுப் போயிருக்கிறான். அந்த நேரத்தில் அவள் ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்குப் போயிருந்தாள். படங்களை யாராவது கலைத்திருந்தால்? ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தாள், எதிலும் புள்ளி நகரவில்லை. ஒன்றும் திருடாத திருடன்மேல் அவளுக்கு இன்னும் சந்தேகம் கூடியது.

நாலு மணிக்குப் புவனேந்திரன் வேலை விட்டு வந்தான்.

"நேத்து நாலு அம்பத்திரண்டுக்கு மெசின்ல யாரு கை வச்சது?"

அவன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். அதிலும் நிமிஷக் கணக்கோடு கேட்பவளிடம் என்ன சொல்வது?

"நான்தான்."

"நீங்களா? ஒங்களுக்கு அத ஆன் பண்ணவே தெரியாதே."

"மேனுஷாகிட்ட கேட்டேன்." மேனுஷா இவர்களுடைய மகள், யாழ்ப்பாணத்தில் கெம்பஸில் படிக்கிறாள். "எந்த ஃபைலு, எந்த வரின்னு போன்ல சொல்லுச்சு. பத்த அழிச்சிட்டு பதினாலு போட்டேன். வேற எதயும் தொடல."

"பாஸ்வேர்ட் அவளுக்கே தெரியாது."

"பதினாலு வருசமா பக்கத்துல உக்காந்து தேத்தண்ணி குடிக்கிறேன் சுதா. தெரியாம இருக்குமா?"

இத்தனை வருடமும் சாவி அவன் கையில் இருந்திருக்கிறது, நேற்றுவரை ஒருநாளும் அவன் கதவைத் திறக்கவில்லை.

"எதுக்குத் தொட்டீங்க?" குரல் இறங்கியிருந்தது.

"நீ படுற பாட்டப் பாத்துக்கிட்டு இருக்க முடியல. சொன்னா சண்டைக்கு வர்ற. அத்தைக்கும் இப்பிடித்தானே ஆரம்பிச்சிச்சு."

சுதர்ஷினி திரைப் பக்கம் திரும்பினாள். ஒரு காணிப்படத்தைத் திறந்து, இரண்டு வீட்டுக்கு நடுவே போகும் எல்லைக் கோட்டைப் பெரிதாக்கினாள். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள். கோடு தொய்ந்தது. கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினாள். கோடு நிமிர்ந்து நின்றது. ஒன்றை மூன்று முறை சோதிக்காமல் விடுகிறவள் அல்ல, மூன்று முறையும் சோதித்தாள். புவனேந்திரன் இப்போதுதான் செருப்பைக் கழற்றினான்.

"வியாழக்கிழம கண் கிளினிக்கு. நான் லீவு சொல்லிட்டேன்," என்றான்.

"யாரக் கேட்டுச் சொன்னீங்க?" என்று கேட்டாள். கேட்டதில் பலமில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாஸ்வேர்ட் மாற்றும் இடத்தைத் திறந்தாள்.

அவனுக்கு அது புரிந்தது. தெரிந்துபோன பாஸ்வேர்டை வைத்துக்கொண்டிருக்கிறவளா அவள்? வருத்தப்படாமல், மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிப் பக்கம் நகர்ந்தான்.

"எங்க போறீங்க? நில்லுங்க," என்றாள்.

புதுப் பாஸ்வேர்ட் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, விரலைத்தான் பார்க்க வேண்டும். சுதர்ஷினி கீபோர்டை அவன் பக்கமாகச் சரித்து வைத்து, ஆள்காட்டி விரல் ஒன்றால், ஒவ்வொரு விசையாக, நிறுத்தி நிறுத்தித் தட்டத் தொடங்கினாள்.