அலுமாரியில் இருந்த ஓட்டச் சப்பாத்து

எங்கள் வீட்டில் நல்ல பொருள் எதுவும் வாங்கிய அன்றே பாவனைக்கு வராது. நல்ல கோப்பை விருந்தாளிக்கு, நல்ல சட்டை நத்தார்ப் பெருநாளுக்கு. கத்தாரில் வேலை செய்யும் தம்பி எனக்கு ஓட்டச் சப்பாத்து அனுப்பியபோதும் அம்மா பெட்டியைத் திறந்து ஒருமுறை மணந்து பார்த்துவிட்டு மூடினார்.

"நல்ல ஓட்டத்துக்குப் போடு மகள். இந்த மணலுக்க போட்டுப் பாழாக்காத."

சொப்பிங் பையில் சுற்றி, பூச்சி உருண்டை போட்டு, அலுமாரிக்குள் வைத்தாயிற்று. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நத்தார்கள் வந்து போயின.

நான் பழையதிலேயே ஓடினேன். அதன் அடி தேய்ந்து பப்படமாகியிருந்தது. வாவிக்கரை வீதியில் பாதி தூரம் போகுமுன்பே கெண்டைக்கால் கல்லாகிவிடும். வீட்டுப் படியேறச் சுவரைப் பிடிப்பேன். "வயசு போகுது கா, உடம்பு சொல்லுது," என்றாள் கூட ஓடும் சிநேகிதி. எரிச்சல் வந்தது, ஆனாலும் நம்பினேன். முப்பத்தைந்து வயது. பயிற்சியாளரும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "இந்த முறை முதல் மூண்டுக்க வராட்டி, மறுகா உங்கட பேரை அனுப்பமாட்டன்." மாவட்ட ஓட்டத்தில் முதலில் வரும் மூன்று பேர்தான் தேசியப் போட்டிக்குப் போவார்கள். நான் ஒருமுறையும் போனதில்லை.

அந்த ஓட்டத்துக்குத்தான் புதுசு வெளியே வந்தது. கல்லாற்றில் தொடங்கினோம். ஐயோ, என்ன சுகம்! வழக்கமாக நோகத் தொடங்கும் தூரம் வந்தது, நோகவில்லை. களுவாஞ்சிக்குடி கடந்தும் கால் புதிதாகவே இருந்தது. எனக்கு முன்னால் ஒருத்தி மட்டும். வயசுமில்லை ஒரு மண்ணுமில்லை, கிழடு தட்டியது அந்தப் பழைய சப்பாத்துக்குத்தான் என்று ஓட்டத்திலேயே சிரிப்பு வந்தது.

களுதாவளையில் வலது கால் 'டப் டப்' என்று அடித்தது. குனிந்து பார்த்தால் அடி பாதி கழன்று தொங்குகிறது. பசை விட்டுப்போய், உள்ளேயிருந்த மெத்தை மாவாய் உதிர்ந்தது. வாவியின் ஈரக்காற்றிலும் அலுமாரிப் புழுக்கத்திலும் அது போடாமலே செத்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் இடதும் போயிற்று. சனியனைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். தார் சுட்டது. தேற்றாத்தீவில் முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் இரண்டு பேர் என்னைத் தாண்டினார்கள். நான் நாலாவது.

பயிற்சியாளர் முதல் மூன்று பேரின் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார். அம்மா என் கொப்புளங்களுக்கு மருந்து போட்டபடி அழுதார்; நானும் அவர் மடியில் விழுந்து அழுதேன். பின்னேரம் தம்பி கோல் எடுத்தான்.

"அக்கா, சப்பாத்து எப்பிடி? கால் அலுத்திச்சா?"

"இல்ல தம்பி. கால் அலுக்கவே இல்ல," என்றேன்.

அது பொய்யில்லை. கால் உண்மையிலேயே கிழடாகியிருந்தால் அன்றைக்கு அப்படி அழுதிருக்க மாட்டேன்.