குழந்தையின் கழுத்தில் கட்டிய வலை நூல்

தம்பி மனைவி ரஜனியையும் அவளது பத்து மாத மகனையும் டோகாவில் வேலை செய்யும் தம்பியிடம் கொண்டுபோய்ச் சேர்க்க, எங்கள் மீனவ ஊரான பேசாலையிலிருந்து நானும் புறப்பட்டேன். பயணத்துக்குக் காவலாக மாதா பதக்கம் ஒன்றைக் குழந்தையின் கழுத்தில் கட்டினேன். சாதாரண நூல் அறுந்துவிடும் என்று நைலோன் வலை நூலில் கோத்து, இரட்டை முடிச்சுப் போட்டேன்.

"மச்சாள், நித்திரையில கழுத்த இறுக்கும். பையில வைப்பமே?" என்றாள் ரஜனி.

"மாதாவைப் பையில போட்டு மூடுறதோ? சும்மா இரும்" என்றேன்.

விமானத்தில் குழந்தை என் மடியில் உறங்கியது. நானும் கண்ணயர்ந்துவிட்டேன். ரஜனியின் அலறல் கேட்டு விழித்தபோது, குழந்தை மடியிலிருந்து சரிந்திருந்தது. நூல் இருக்கைப் பட்டியின் கொளுவியில் சிக்கி, முகம் கறுத்திருந்தது. பதறி இழுத்தேன், நூல் இன்னும் இறுகியது. என் கத்தரிக்கோலை விமான நிலையச் சோதனையில் எடுத்துவிட்டார்கள். ரஜனி என்னைத் தள்ளிவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதன் பிறகுதான் குழந்தை அழுதது.

டோகாவில் தம்பி, "பிள்ளை கரைச்சல் தந்தவனோ?" என்று கேட்டான்.

"இல்லை, நல்ல நித்திரை. மச்சாள்தான் களைச்சுப்போனா" என்றாள் ரஜனி. குழந்தையின் கழுத்தில் நூல் பதிந்த தடம் தெரியாமல் அவன் சட்டைப் பொத்தானை மேல்வரை பூட்டியிருந்தாள். தம்பியின் முகத்தைப் பார்க்க வெட்கி, நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். அவன் வீட்டுக்குப் போன பிறகே அவனிடம் உண்மையைச் சொன்னேன்.

இப்போது நான் எந்தக் குழந்தையின் கழுத்திலும் எதையும் கட்டுவதில்லை. பதக்கத்தைத் தாயின் கையில் கொடுக்கிறேன். எங்கே வைப்பது என்பதை அவளே முடிவுசெய்யட்டும்.