போட் போகும் என்று ஒரு பதிவு

எங்கள் தீவுக்காரர்களின் ஆன்லைன் குழுவில் வோட்டு அதிகம் வாங்கும் பதிவு மேலே ஏறும். அங்கே ஒரு பதிவுக்கு வோட்டுப் போடுமுன் எனக்குள் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வேன். எழுதியவர் நேரில் பார்த்தாரா? எப்போது பார்த்தார்? ஆளைப் பிடிக்குமா என்பது என் பட்டியலில் கிடையாது.

அன்று மதியம், வெளியே மழையும் காற்றுமாக இருக்க, நான் ஆபீசில் இருந்தபோது இன்னொரு தீவான லாங் ஐலண்டிலிருந்து அக்கா போன் செய்தாள். அவளுக்கு எட்டாம் மாதம். மறுநாள் போட்டில் இங்கே வந்தால், மெயின்லேண்டிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும் டாக்டரிடம் காட்டலாம்.

"போட் உண்டாம்டி. குழுவுல மேலயே போட்டிருக்கு."

திறந்து பார்த்தேன். போட் நிச்சயம் போகும் என்ற பதிவு கூப்பிய கை எமோஜியோடு மேலே நின்றது. வோட்டு ஏறிக்கொண்டே இருந்தது. வெகு கீழே, போகாது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். எல்லோரிடமும் வம்பு வளர்க்கும் ஆள். போட் என்கொயரிக்குப் போன் செய்து கேட்டால், காலையில் சொல்வோம் என்றார்கள். அக்கா அதற்குள் மழையில் போட் ஏறும் துறைக்கு, ஜெட்டிக்குக் கிளம்பிவிடுவாள்.

இரண்டு பதிவிலும் ஒரே கேள்வியைப் போட்டேன்: நீங்களே பார்த்தீர்களா?

கீழே இருந்தவர் உடனே பதில் எழுதினார்: "இல்ல மேடம், கனவுல வந்துச்சு. ஜெட்டியிலதான் நிக்கிறேன். காத்துக்கு அசையாம இருக்க போட்டுக்கு டபுள் கயிறு கட்டுறாங்க, நாளைக்கு எங்க எடுக்கப் போறாங்க? குடை எடுத்துட்டு வந்து பாருங்க."

மேலே இருந்தவர் என்னைச் சகோதரி என்று அழைத்துப் பணிவாக எழுதினார்: "எல்லாருக்கும் நல்லது நடக்கட்டும்னு போட்டேன், பஹன்."

வோட்டுப் போட்டவர்கள் எல்லாம் டிக்கெட் எடுத்தவர்களாக இருக்கும். போக வேண்டும் என்ற ஆசைக்கு வோட்டுப் போட்டிருந்தார்கள்.

பக்கத்து சீட் தோழி என் போனை எட்டிப் பார்த்தாள். "அரே, அவனுக்கா? உன்னையே கம்ப்யூட்டர் ராணின்னு கிண்டல் பண்ணான்ல? சோடோ யார், விடு."

ஜெட்டியில் நின்றவரின் பதிவுக்கு மேல்நோக்கிய அம்பை அழுத்தி வோட்டுப் போட்டேன். போகும் என்று போட்டவருக்குக் கீழ்நோக்கிய அம்பை அழுத்தத்தான் கை தயங்கியது. நல்லது நினைத்தவரை அறைவதுபோல் இருந்தது. அழுத்தினேன். வரிசை அசையவில்லை. திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன், வேலை ஓடவில்லை.

சாயங்காலம் அக்காவை நானே அழைத்தேன்.

"இன்னும் அதுதான்டி மேல இருக்கு. துணிகூட எடுத்து வச்சிட்டேன். இத்தனை பேரு பொய்யா சொல்லுவாங்க?"

"கீழ இறங்கி அந்த ஆளோட பதிலைப் படி."

படித்தாள். "என்ன வாயி இவனுக்கு!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப நாளைக்கு நான் யாருகிட்டடி காட்டுறது?"

டாக்டர் இன்னும் எத்தனை நாள் இருப்பார் என்று எனக்குத் தெரியாது. இரு என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி நம்பரைத் தேடத் தொடங்கினேன்.